கோடைக்குத் தோலுக்கு என்ன பூசுறது? தேசிக்காயில தொடங்கின கதை

வாசகி ஒருத்தர் எழுதினது: "கோடை எண்டால் பித்தம் கூடும், அதுதான் முகம் கறுக்குது. ஆயுர்வேதத்தில இதுக்கு ஒரே வழி குளிர்மையான பூச்சு. சந்தனம், தயிர், தேசிக்காய்ச் சாறு மூண்டையும் குழைச்சு விடியப் பூசி, அரை மணித்தியாலத்தால கழுவிப்போட்டு வேலைக்குப் போங்கோ. ஒரு கிழமையில வித்தியாசம் தெரியுமாம். ஆரும் செய்து பாத்தனீங்களோ?"

ஏப்ரல் 6

செய்து பாத்தனான், தங்கச்சி. ஒரு கிழமை தேவைப்படேல்லை. மூண்டாம் நாளே வித்தியாசம் தெரிஞ்சுது.

போன வருசம் பங்குனிக் கடைசி. எனக்கு வீடு யாழ்ப்பாணத்தில கோண்டாவில், வேலை வேலணைத் தீவில. ஸ்கூட்டியில பண்ணைப் பாலத்தால போய் வாறனான். அந்த றோட்டைத் தெரிஞ்சவைக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு வடலிகூட இல்லை. மேலயிருந்து ஒரு வெயில் எரிக்கும், தண்ணியில பட்டு முகத்துக்கு ஏறுறது இன்னொரு வெயில். கன்னம் கறுக்குது எண்டு கவலைப்பட்டு, முகநூலில ஆரோ போட்ட உந்தப் பூச்சைத்தான் நானும் செய்தன். சந்தனம் வீட்டில இருக்கேல்லை, தயிரும் தேசிக்காயும் மட்டும். ஆறரைக்குப் பூசி, ஏழுக்குக் கழுவி, ஏழரைக்குப் பாலத்தில நிண்டன்.

முதல் நாள் முகம் பளபளத்துது. அடுத்த நாள் பின்னேரம் காந்தல். மூண்டாம் நாள் விடியக் கண்ணாடியைப் பாத்தால் வலக் கன்னத்தில மண்ணிறத்தில ஒரு கோடு. சாறு வழிஞ்ச அதே தடத்தில நாடி மட்டும் இறங்கி நிக்குது. தேசிக்காய் பிழிஞ்ச கையிலயும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில, அதே நிறம். புளி தோலைச் சுட்டுப்போட்டுது. அந்தக் கோடு ஆவணி மட்டும் என்னோட இருந்தது. அம்மா பாத்திட்டு "இலங்கைப் படத்தில மகாவலி ஆறு ஓடுற மாதிரிக் கிடக்கு" எண்டவ.

ஊரில ஒரு சித்த வைத்தியரிட்டப் போனன். மனுசன் முகத்தைப் பாக்கேல்லை, கையைத்தான் முதல் பிடிச்சுப் பாத்தார். "தேசிக்காய் பிழிஞ்சனியோ பிள்ளை? அதை மோருக்குள்ள விடு." மருந்தும் தரேல்லை. கோடு மறையுமட்டும் வெயிலை மறைச்சுக்கொண்டு திரி எண்டு அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 8

மேல "புளி சுட்டுப்போட்டுது" எண்டு எழுதினது பிழை. புளிதான் காரணம் எண்டால் தயிரும் எல்லோ சுட வேணும் எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

தேசிக்காயில, சாறைவிடத் தோலில கூட, பியூரோகூமரின் எண்டு ஒரு சாமான் இருக்கு. இருட்டில அது சும்மா கிடக்கும். வெயிலில இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத யூவிஏ கதிர் பட்டால்தான் தோலை எரிக்கத் தொடங்கும். செலரியிலயும் அத்திமரத்துப் பாலிலயும்கூட இந்தக் குணம் இருக்கு. எரிஞ்ச இடம் பிறகு கறுத்துப்போய்க் கிழமைக் கணக்காக் கிடக்கும், சிலருக்கு மாதக் கணக்கா. ஒண்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். அதால ஆக்கள் தேசிக்காயைச் சந்தேகப்படமாட்டினம். வெயிலைத் திட்டிக்கொண்டு இன்னொருக்காப் பூசுவினம்.

நானும் இன்னொருக்காப் பூசினனான். மேல எழுத வெட்கமாக் கிடந்தது.

ஏப்ரல் 15

நேற்று வருசப்பிறப்பு. கோயிலில ஐயர் தந்த மருத்துநீரை வாங்கிவந்து எல்லாரும் தலையில தேய்ச்சுத் தோய்ஞ்சம். பஞ்சாங்கத்தில அதுக்குப் பெரிய பட்டியல் போட்டிருக்கு: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால், கோசலம், கோரோசனை எண்டு போகும். சின்னனில இது தோல் வருத்தத்துக்கு எண்டு நினைச்சனான். அம்மம்மா சொல்லுவா, "அது வருசத்துக்கு, தோலுக்கு இல்லை" எண்டு. கண்ணுக்குள்ள ஒரு சொட்டுப் போனால் வருசம் முழுக்க ஞாபகம் இருக்கும், அது உண்மை.

இண்டைக்கு வேற ஒரு வேலை பாத்தன். ஏப்ரல் 5 தொடக்கம் 15 மட்டும் சூரியன் இலங்கைக்கு நேர மேல நிக்கும், தெற்கில தொடங்கி வடக்கால முடியும் எண்டு ஒவ்வொரு வருசமும் பேப்பரில போடுவினம். எங்களுக்குக் கடைசி நாள். மத்தியானம் பன்னிரண்டு பத்துப்போல கிணத்தை எட்டிப் பாத்தன். மற்ற நாளில கட்டுச் சுவரில பாதிமட்டும் இறங்குற வெயில், இண்டைக்கு நேர அடித்தண்ணியில விழுந்து கிடந்துது. வட்டமான வெளிச்சம், நடுவில என்ர தலை நிழல். முத்தத்தில தென்னைக்கு நிழலே இல்லை, தன்ர காலடியில மடிச்சு வைச்சிருந்தது.

இப்பிடி ஒரு வெயிலுக்குச் சந்தனம் என்ன செய்யும்? கல்லில உரைச்ச சந்தனம் காயக் காயக் குளிரும், அதை நான் மறுக்கேல்லை. கதிரை மறிக்கிற வேலை அதுக்குத் தெரியாது. கழுவிப்போட்டு றோட்டில இறங்கினால் அந்தக் குளிர்மையும் வீட்டில நிண்டிடும். சன்ஸ்கிறீமைப் பற்றிக் கேட்டவைக்கு: அதில போட்டிருக்கிற எஸ்பிஎப் எண்ட காப்பு எண் 30 எண்டால், தோலைச் சுடுற யூவிபி கதிரில 97 வீதம்போல மறிக்கும். அதுவும் கஞ்சத்தனம் பாக்காமல் பூசி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திரும்பப் பூசினால். நான் அதோட துப்பட்டாவால முகத்தைச் சுத்தி, நீட்டுக் கைச் சட்டையும் கையுறையும் போட்டு, கள்ளனுக்குக் கலியாணம் எண்ட மாதிரிப் போறன்.

மே 3

காத்து அசையேல்லை. புழுக்கம். முதுகு முழுக்க வேர்க்குரு.

முதல் என்ர மொக்கு வேலையைச் சொல்லுறன். தேங்காயெண்ணெய் குளிர்மை எண்டு ராத்திரி முதுகில தாராளமாத் தடவிப்போட்டுப் படுத்தன். விடிய, தனித்தனியா நிண்ட குருவெல்லாம் கைகோத்து நிண்டுது. வேர்க்குரு எண்டுறது வேர்வை வாற துவாரம் அடைபட்டு, வேர்வை தோலுக்குள்ளயே நிண்டுபோறது. அடைபட்ட வாசலில நான் போய் எண்ணெய் பூசி இன்னும் இறுக்கிப்போட்டன். பவுடரையும் அப்பிவிட்டால் சீமெந்து பூசின கதைதான்.

அம்மா நுங்கு வெட்டுவிச்சவ. நுங்கைப் பெருவிரலால தோண்டேக்குள்ள மேல ஒட்டிக்கொண்டு வாற அந்தத் துவர்ப்புத் தோல் இருக்கெல்லோ, சின்னனில துப்பிவிடுறது, அதுதான் மருந்து. நுங்கை நாங்கள் திண்டிட்டு, தோலை முதுகில தேய்ச்சு, உள்ளயிருக்கிற தண்ணியையும் தடவிவிட்டா. தடவேக்குள்ள சில்லெண்டு இருக்கும். காய்ஞ்சாப் பிறகு தோலை மெல்ல இழுத்துப் பிடிக்கும். பின்னேரம் கடி குறைஞ்சுது.

நுங்குதான் குறைச்சதோ எண்டு கேட்டால் சத்தியம் பண்ண மாட்டன். அண்டைக்கு லீவு, நைலோன் கலந்த சட்டையைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பருத்திச் சட்டையோட மாமரத்துக்குக் கீழ பின்னேரம் மட்டும் படுத்துக் கிடந்தனான். வேர்க்குருவுக்கு அதுவே பாதி வைத்தியம்.

மே 5

பயத்தம் மா பூசலாமோ எண்டு கேட்டவைக்கு: பூசலாம், நல்லது. ஆனால் எந்தப் போத்திலில கையை விடுறியள் எண்டு பாருங்கோ. நான் அவசரத்தில குசினித் தட்டில இருந்த மாவை எடுத்துத் தண்ணியில குழைச்சு முகத்தில பூசிப்போட்டுக் கதிரையில கண்ணை மூடிக்கொண்டு சாய்ஞ்சன். நல்ல வாசம். பத்து நிமிசத்தில காதடியில ஏதோ ஊருது. பாத்தால் சிவத்தெறும்பு. அது பயத்தம் உருண்டைக்கு வறுத்துத் திரிச்சு சீனி சேர்த்து வைச்ச மா. என்ர சொந்தத் தங்கச்சியின்ர பிள்ளை வந்து "பெரியம்மா, ஒரு உருண்டை பிடிச்சுத் தாங்கோ" எண்டு நிக்குது.

முகத்துக்கு வறுக்காத பயறு வேணும். காயவைச்சு, தோலோட திரிச்சு, துணியில அரிச்சு எடுத்தது. அரிக்காட்டில் மண் போட்டுத் தேய்ச்ச மாதிரிக் கீறும்.

மே 19

மஞ்சள். சுருக்கமாச் சொல்லுறன். பூசின மஞ்சள் போகேல்லை எண்டு சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சன், முகம் ரத்தச் சிவப்பாப் போச்சுது. அலறிப்போட்டன். தோலுக்கு ஒண்டும் நடக்கேல்லை. மஞ்சள் காரத்தோட (உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிரான சாமான்) சேர்ந்தால் சிவக்கும், சவர்க்காரம் காரம். மஞ்சளில சுண்ணாம்பு போட்டுக் குங்குமம் செய்யிறது இதே கூத்துத்தான். நான் குங்குமத்தை முகத்திலயே செய்துபோட்டன். இனி மஞ்சளைப் பயத்தம் மாவால கழுவுங்கோ.

ஜூன் 15

சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, தொடங்கீட்டுது. விடிய எழும்பினால் சொண்டு வெடிச்சுக் கிடக்கு. நகத்தால காலில கீறினால் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையா விழுது. கோண்டாவில் செம்மண் பறந்து வந்து சட்டைக் கொலரில குந்தியிருக்கு. ஆறு கிழமைக்கு முதல் வேர்த்து ஒழுகின அதே தோல்தான் இது.

இப்பதான் இந்த இழையின்ர முதல் வசனத்தில எனக்கு ஐமிச்சம் வந்தது. "கோடை எண்டால் பித்தம்" எண்டு தங்கச்சி எழுதினதை நானும் கேள்வி கேட்காமல் விட்டிட்டன். ஆயுர்வேதம் படிச்ச மச்சாளிட்டக் கேட்டன். அவ அஷ்டாங்க ஹிருதயம் எண்ட பழைய ஆயுர்வேத நூலை எடுத்து வைச்சு வாசிச்சுக் காட்டினா. அதிலயுள்ள கணக்கு வேற. கிரீஷ்மத்தில, அதாவது கோடையில, உடம்பில சேருறது வாதம். பித்தம் மழைக்காலத்திலதான் சேரத் தொடங்கும், மழை விட்டு வெயில் திரும்ப ஏறுற சரத்காலத்தில பொங்கும். காரணமும் நேரானது: வெயில் ஈரத்தை உறிஞ்சுது, எல்லாம் வறளுது, வறட்சி வாதத்தின்ர குணம். என்ர வெடிச்ச சொண்டும் அதைத்தான் சொல்லுது.

இன்னொண்டும் இருக்கு. அந்த நூல் சொல்லுற மழைக்காலம் ஆடி ஆவணியில. எங்களுக்கு ஆடி ஆவணி காய்ஞ்சு கருகிற காலம், மழை ஐப்பசி கார்த்திகையிலதான். அதால மாதத்தைப் பாத்து மருந்து எடுத்தால் பிழைக்கும், காத்தைப் பாக்க வேணும். சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில் எண்டு எங்கட ஆக்கள் கோடையை ரெண்டாப் பிரிச்சு வைச்சிருக்கினம். பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது, தோலில வந்து நிக்குமட்டும் விளங்கேல்லை. முதலாவது புழுக்கம், ரெண்டாவது வறட்சி. ஒண்டுக்குப் பூசினதை மற்றதுக்குப் பூசினால் என்ர முதுகு மாதிரித்தான்.

இனி எண்ணெய்ச் சண்டை. எங்கட வீட்டில கனகாலமா நடக்கிறது. அம்மம்மாவுக்கு நல்லெண்ணெய் குளிர்மை. மச்சாளுக்கு அது உஷ்ணம். இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதையில நல்லெண்ணெயைப் பற்றிச் சொல்லுற இடத்தையும் அவவே காட்டினா: உஷ்ணம், பித்தத்தைக் கூட்டும், ஆனால் வாதத்துக்கு மிக நல்லது, தோலுக்கும் உகந்தது. அப்ப மச்சாள் சொன்னதும் சரி. சோளகத்தில அம்மம்மா நல்லெண்ணெய் வைச்சதும் சரி. குளிர்மை எண்டு அவ சொன்னது எதை எண்டு யோசிச்சன். எண்ணெய் வைச்சு ஊறி, சீயாக்காய் தேய்ச்சு, கிணத்தடியில நிண்டு இருபது முப்பது வாளி அள்ளி வாத்தால் ஆருக்குத்தான் குளிராது?

இப்ப நான் செய்யிறது: சனிக்கிழமை நல்லெண்ணெயை இளஞ்சூட்டில உச்சி தொடக்கம் உள்ளங்கால் மட்டும் வைச்சு, முக்கால் மணித்தியாலம் நிழலில இருந்து, முழுகிறது. மற்ற நாளில மேல் கழுவினவுடன, ஈரம் முழுக்கத் துடைக்க முதல், கைக்கும் காலுக்கும் நாலைஞ்சு சொட்டு. காய்ஞ்ச தோலில பூசினால் எண்ணெய் மேலயே நிண்டு செம்மண்ணைப் பிடிக்கும். புழுக்க காலத்தில ஒரு சொட்டும் உடம்புக்கு இல்லை.

ஜூன் 16

"நீங்கள் சொல்லுறது ஆயுர்வேதமோ சித்தமோ, முடிவா ஒண்டைச் சொல்லுங்கோ" எண்டு ஒரு ஐயா கோவிச்சிருக்கிறார். ஐயா, இலங்கையின்ர 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டமே சித்தத்தையும் யுனானியையும் ஆயுர்வேதம் எண்ட ஒரே பேருக்குள்ளதான் அடக்கியிருக்கு. கைதடியில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் படிப்பிக்கிறது சித்தம். என்ர சொண்டு ரெண்டையும் பிரிச்சுப் பாக்கேல்லை.

ஜூன் 28

தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை, நானாச் சொல்லுறன். இதை முதலே சொல்லியிருக்க வேணும்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது. கேத்திலுக்குள்ள பாருங்கோ, அடியில வெள்ளைப் படை கட்டியிருக்கும். அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தோட சேர்ந்தால் நுரை வராது, கரையாத ஒரு பிசுக்கு வரும். கையில தேய்ச்சுப் பாத்தால் "கீச்" எண்டும். அதைத் துப்பரவு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். தோலில படிஞ்சிருக்கிற பிசுக்காம் அது. வறட்சிக்கும் கடிக்கும் பாதிக் காரணம் அங்கதான். நுரை வரேல்லை எண்டு இன்னும் சவர்க்காரம் போடுவம், இன்னும் படியும். கிணறு இறங்க இறங்கத் தண்ணி கடுக்குது. மழைபெய்யிற ஊரில இருக்கிற ஒருத்தி யூரியூப்பில காட்டுற முகப்பூச்சு இஞ்ச வேலை செய்யாததுக்கு இதுவும் ஒரு காரணம். பயத்தம் மா சுண்ணாம்போட சேர்ந்து பிசுக்காகாது. அம்மம்மாவுக்கு ரசாயனம் தெரியாது, கையுக்குத் தெரிஞ்சிருக்கு.

சவர்க்காரம் எண்டவுடன தொண்ணூறுகள் ஞாபகம் வருது. போர்க்காலம், எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை. சவர்க்காரக் கட்டி தங்கம். பனம்பழத்தைச் சுட்டுத் திண்டது போக, களியைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சம். நல்லா ஊத்தை போகும். கொடியில காயப்போட்டால் மாடு வந்து சட்டையைச் சப்பும். என்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின்ர ஒரு கை அப்பிடித்தான் போனது. அப்ப முகத்துக்கு என்ன போட்டனாங்கள் எண்டு அம்மாவைக் கேட்டன். "தண்ணி" எண்டா.

ஜூலை 11

பகல் நித்திரை தோலுக்குக் கூடாதாமே எண்டு ஒரு கேள்வி. மற்றப் பருவத்தில கூடாதுதான், ஆனால் கிரீஷ்மத்தில மட்டும் பகலில படுக்க ஆயுர்வேத நூலே விடுது. இரவு சுருக்கம், உடம்பு வறண்டு கிடக்கு எண்டு காரணமும் சொல்லுது. இதை ஆராவது என்ர மனேச்சருக்கு அனுப்பிவிடுங்கோ.

ஆகஸ்ட் 24

நல்லூர்த் தேர் முடிஞ்சுது. லண்டனில இருந்து வந்த தம்பி விடிய வேட்டியோட, மேலுக்கு ஒண்டும் இல்லாமல் போனவன். வடம் பிடிச்சு, தண்ணீர்ப்பந்தல் ஒவ்வொண்டிலயும் மோர் குடிச்சு, சினேகிதரைக் கண்டு கதைச்சு, மத்தியானம் வந்து சேர்ந்தான். முதுகு இறால் அவிச்ச நிறம். தேர் வாற ஆவணிப் பக்கம் சூரியன் திரும்ப எங்கட உச்சிக்கு வாற காலம். சித்திரையில வடக்க போனது ஆகஸ்ட் 27, 28 ஆம் திகதிப்போல இதால திரும்பிப் போகும். காத்து அடிக்கிறதால ஆருக்கும் சுடுற மாதிரித் தெரியாது. சோளகத்தின்ர கள்ளத்தனம் அது.

அவன் கேட்டது சந்தனம். வீட்டில இருந்தது கோயிலில தந்த மஞ்சள் நிறச் சந்தனம். நிறமும் வாசமும் எங்கயிருந்து வந்தது எண்டு தெரியாததை எரிஞ்ச தோலில பூச நான் விடேல்லை. முதலில ஈரத்துணியைப் பிழிஞ்சு முதுகில போட்டுப் போட்டு எடுத்தம். கொப்புளம் போட்டிருந்தால் நேர ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போயிருப்பன். போடேல்லை.

பிறகு அம்மா வேலியோரம் போய் கத்தாளை மடல் ரெண்டு முறிச்சுவந்தா. நான் உடன சீவப் போக, கையில தட்டினா. மடலை முறிச்ச பக்கம் கீழ இருக்கச் சுவரோட சாத்தி வைச்சா. அதில இருந்து மஞ்சளா ஒரு பால் சொட்டுச் சொட்டா வடிஞ்சு சீமெந்தில கறை கட்டிச்சுது. கடிக்கிறதும் எரியிறதும் அந்தப் பால்தான். போன வருசம் தேசிக்காய்க் கோட்டுக்கு மேல நான் கத்தாளை பூசிக் கடிச்சு, "கத்தாளை எனக்கு ஒத்துவராது" எண்டு இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு திரிஞ்சது இதாலதான். அரை மணித்தியாலம் வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி, உள்ளயிருக்கிற கண்ணாடிச் சதையை ஏழு தண்ணியில அலசி எடுத்தா. தம்பியின்ர முழங்கை மடிப்பில கொஞ்சம் வைச்சுப் பாத்து, ஒண்டும் செய்யேல்லை எண்டாப் பிறகுதான் முதுகில.

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி உள்பெட்டியில எழுதியிருக்கிறா. தேசிக்காயை விட்டிட்டாவாம். சந்தனத்தை மட்டும் ராத்திரியில பூசுறாவாம். பூசுங்கோ, தங்கச்சி, அது ஒண்டும் செய்யாது, நல்ல நித்திரை வரும்.

தம்பி குப்புறப் படுத்துக்கிடந்து தேத்தண்ணியும் பனங்கட்டியும் கேட்கிறான். அம்மா முதுகைப் பாத்திட்டுப் போறா: "அக்காவுக்கு மகாவலி மட்டும்தான். இவனுக்கு முழு இலங்கையும்."